ஸ்கிரிப்ட்டை எவ்வளவு தூரம் வெளியே விடலாம்?

கணினி கேள்வி–பதில் பகுதிக்கு இந்த முறை பெங்களூரிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. மென்பொருளுக்குள் லுவா, ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எஞ்சினை (பயனர் எழுதும் சிறு நிரல்களை ஓட்டும் பகுதியை) பொதித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஓடும் ஸ்கிரிப்ட் எச்டிடிபி வழியாக வெளி சர்வரோடு பேச வேண்டும். ஆனால் சொன்ன சர்வரோடு மட்டும் பேச வேண்டும். எஞ்சினைச் சுமக்கும் மென்பொருளைக் கீழே 'தாய் நிரல்' என்று குறிப்பிடுகிறோம்.

கேள்வி: எங்கள் பெட்டி சிஎன்சி மெஷின்களிலிருந்து அளவுகளை எடுத்துச் சேமிக்கிறது. சி மொழியில் எழுதிய நிரல், உள்ளே லுவா 5.4. வாடிக்கையாளர்கள் தாங்களே ஸ்கிரிப்ட் எழுதித் தங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். லுவாசாக்கெட் லைப்ரரியைச் சேர்த்துவிட்டால் போதுமா?
— பீன்யா வாசகர்

பதில்: வேலை நடந்துவிடும். நீங்கள் நினைக்காததும் நடந்துவிடும். லுவாசாக்கெட் எச்டிடிபியோடு நிற்பதில்லை. வெறும் டிசிபி, யுடிபி சாக்கெட்டையும் கையில் கொடுத்துவிடும். உங்கள் பெட்டி இருப்பது தொழிற்சாலையின் உள் நெட்வொர்க்கில். அங்கே மெஷின்களை இயக்கும் பிஎல்சி கணினிகள் 502-ஆம் போர்ட்டில் மாட்பஸ் என்ற தொழிற்சாலை நெறிமுறையில் பேசிக்கொண்டிருக்கலாம். சாதாரண மாட்பஸ் டிசிபியில் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஸ்கிரிப்ட் ஒரு ரெஜிஸ்டரில் எதையாவது எழுதிவைத்தால் மெஷின் நின்றுபோகும்.

லுவா மொழிக்கு நெட்வொர்க் தெரியாது. தாய் நிரல் கொடுத்தால்தான் உண்டு. அந்த நல்ல நிலையை நாமே கெடுத்துக்கொள்வது 'லுவாஎல்_ஓபன்லிப்ஸ்' என்ற ஒற்றை வரியால். அது ஓஎஸ், ஐஓ, பேக்கேஜ், டீபக் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. ஓஎஸ்.எக்ஸிகியூட் கையில் இருந்தால் ஸ்கிரிப்ட் ஷெல்லில் இணையத்தோடு பேசும் கர்ல் கட்டளையையே ஓட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய எச்டிடிபி கட்டுப்பாட்டை அது தொடக்கூடத் தேவையில்லை. 'லுவாஎல்_ரிக்வயர்எஃப்' கொண்டு பேஸ், டேபிள், ஸ்டிரிங், மேத், யுடிஎஃப்8 ஆகியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறங்கள். பேஸில் வரும் டூஃபைல், லோட்ஃபைல் இரண்டையும் நீக்குங்கள். லோட் வேண்டும் என்றால், உரையை மட்டும் ஏற்கும் 'டி' முறையில் அழைக்கும் உங்கள் சொந்த ஃபங்ஷனை அந்தப் பெயரில் வையுங்கள். இயல்பு நிலையில் லோட் பைட்கோடையும் (முன்பே தொகுத்த குறியீட்டையும்) ஏற்கும், 5.2 முதல் லுவாவில் பைட்கோட் சரிபார்ப்பு கிடையாது, கோணலான பைட்கோட் நினைவகத்தையே குலைத்துவிடும்.

ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும் என்பதற்கு 2022-இல் வெளியான சிவிஈ-2022-0543 என்ற பாதுகாப்பு ஓட்டை சாட்சி. ரெடிஸ் தரவுத்தளத்துக்குள் இருக்கும் லுவா, அடைத்துவைத்த லுவாதான். டெபியன், உபுண்டு பொதிகளில் மட்டும் 'பேக்கேஜ்' என்ற மாறி உள்ளே தங்கிவிட்டது. பேக்கேஜ்.லோட்லிப் வழியாக அந்தக் கணினியில் இருந்த லுவா லைப்ரரியை ஏற்றி, அதிலிருந்து ஐஓ-வைத் திரும்ப வாங்கி, ஷெல் கட்டளை ஓட்ட முடிந்தது.

சேர்க்க வேண்டியது சியில் நீங்களே எழுதும் ஒரே ஒரு ஃபங்ஷன். ஒரு டேபிளை வாங்கிக்கொள்ளட்டும்: முகவரி, மெத்தட் (கெட், புட் மாதிரி அழைப்பு வகை), ஹெட்டர்கள், உடல் (அனுப்பும் தரவு). தோற்றால் 'நில்' என்ற வெற்று மதிப்பும் பிழை வாசகமும் திருப்பட்டும். 404, 500 ஆகியவை தோல்வி அல்ல, அவை பதில்தான். உள்ளே எச்டிடிபி வேலைக்கு லிப்கர்ல் என்ற சி லைப்ரரி போதும். எழுதும்போது பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. லுவாவின் பிழைகள் சி-யின் லாங்ஜம்ப் வழியாகத் தாவுகின்றன. லிப்கர்ல் பதிலைக் கொடுக்க அழைக்கும் ரைட் கால்பேக்குக்குள் (நீங்கள் எழுதிப் பதிவு செய்யும் ஃபங்ஷன்) லுவா ஃபங்ஷன் எதையாவது அழைத்து, அங்கே நினைவகம் தீர்ந்து பிழை கிளம்பினால், தாவல் லிப்கர்லின் ஸ்டாக்கைத் தாண்டிப் போய்விடும். லிப்கர்ல் ஹேண்டில் (அழைப்புக்காகத் திறந்த பொருள்) மூடப்படாது, அதன் உள்நிலையும் பாதியில் நிற்கும். கால்பேக்கில் வெறும் சி பஃபரில் சேருங்கள். அந்த பஃபரையும் முன்கூட்டியே ஒரு யூசர்டேட்டாவில் (லுவா பார்த்துக்கொள்ளும் சி நினைவகம்) வைத்து அதற்கு ஜிசி மெட்டாமெத்தட் (தேவை முடிந்ததும் லுவா அழைக்கும் துப்புரவு ஃபங்ஷன்) கொடுத்துவிட்டால், கடைசியில் சரத்தை லுவாவுக்குத் தள்ளும்போது பிழை வந்தாலும் கசிவு இருக்காது.

கேள்வி: அனுமதித்த டொமைன்களின் பட்டியல் வைத்து, முகவரி அதில் இருந்தால்தான் விடுகிறோம். ஆனாலும் பாதுகாப்புச் சோதனை செய்தவர் ஸ்கிரிப்ட் வழியாகக் கிளவுட் மெட்டாடேட்டா முகவரியான 169.254.169.254-ஐ எட்டிவிட்டார். பட்டியலில் அது இல்லவே இல்லை. எப்படிப் போனார்?
— எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி

பதில்: கடிதத்தை வைத்து எந்த வழி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வழிகள் எண்ணக்கூடியவை. நீங்களே ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிடலாம்.

முதலில் சர ஒப்பீட்டுப் பிழைகள். 'எக்ஸாம்பிள்.காம்' என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் 'நாட்எக்ஸாம்பிள்.காம்' நுழைந்துவிடும், முன்னால் புள்ளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முகவரியில் அட் குறிக்கு முன்னால் வருவது பயனர்பெயர், பின்னால் வருவதுதான் சர்வர். தொடக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதில் ஏமாறுவார்கள். லுவா சரத்தின் நடுவே பூஜ்ய பைட் இருக்கலாம், சி சரம் அதோடு முடிந்துவிடும். லுவா பக்கம் முழு நீளத்தையும் பார்த்துச் சரி என்று சொல்லும், லிப்கர்ல் பாதியை மட்டும் படித்து வேறெங்கோ போகும். ஆகவே 'லுவா_டூஎல்ஸ்டிரிங்' தரும் நீளமும் 'எஸ்டிஆர்லென்' தரும் நீளமும் ஒன்றாக இல்லையென்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள். ஐபியை வேறு உருவில் எழுதுவது இன்னொன்று: 2130706433, 0177.0.0.1, 127.1 மூன்றும் 127.0.0.1-தான்.

இந்த வகைக்கெல்லாம் மருந்து ஒன்றே. சோதிப்பதற்கு ஒரு பார்சர் (முகவரியைப் பிரித்துப் படிக்கும் பகுதி), இணைவதற்கு வேறு பார்சர் என்று வைக்காதீர்கள். லிப்கர்லிலேயே முகவரியைப் பிரிக்கும் வசதி 7.62.0 முதல் இருக்கிறது. அதில் பிரித்து, சர்வர் பெயரை எடுத்து ஒப்பிட்டு, பிரித்த அதே பொருளையே கர்ல்ஆப்ட்_கர்ல்யு வழியாக (7.63.0 முதல்) இணைப்புக்குக் கொடுங்கள்.

அடுத்தது ரீடைரக்ட், அதாவது சர்வர் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது. பட்டியலில் உள்ள சர்வரே 302 பதிலில் 169.254.169.254-ஐக் காட்டினால், ஃபாலோலொகேஷன் போட்டிருக்கும் லிப்கர்ல் அப்படியே பின்தொடரும். அதை இயல்பு நிலையான 0-விலேயே விடுங்கள். 3xx பதில் வந்தால் புதிய முகவரியை எடுத்து முதல் முகவரிக்குச் செய்த எல்லாச் சோதனையையும் மறுபடி செய்து, நீங்களே அடுத்த அழைப்பை அனுப்புங்கள். மூன்று தாவலுக்கு மேல் விட வேண்டாம். புரோட்டோகால்ஸ்_எஸ்டிஆர் அமைப்பில் எச்டிடிபிஎஸ் மட்டும் போடுங்கள் (7.85.0 முதல் உள்ளது). போடாவிட்டால் ஃபைல், கோஃபர் என்று லிப்கர்லுக்குத் தெரிந்த அத்தனையும் ஸ்கிரிப்ட்டுக்கும் தெரியும்.

மூன்றாவதுதான் பெரும்பாலானோர் விட்டுவிடுவது: பெயர் சரியாக இருக்கும், அது போய்ச் சேரும் ஐபி தவறாக இருக்கும். பட்டியலில் வாடிக்கையாளர் தானே சேர்க்கும் டொமைன்கள் இருந்தால் அவற்றின் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் பதிவு) அவர் கையில். முதல் முறை கேட்கும்போது பொது ஐபி, அடுத்த நொடி கேட்டால் உள் ஐபி என்று மாற்றிக்கொடுக்கலாம். நீங்கள் தனியாகப் பெயரைத் தேடிச் சோதித்துவிட்டு, பிறகு லிப்கர்லிடம் பெயரையே கொடுத்தால் அது மறுபடி தேடும். வாசலில் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, ஆள் எந்த ஃப்ளாட்டுக்குள் போனார் என்று பார்க்காத அபார்ட்மென்ட் செக்யூரிட்டி கதைதான்.

பார்க்க வேண்டிய இடம் சாக்கெட் திறக்கும் நொடி. கர்ல்ஆப்ட்_ஓபன்சாக்கெட்ஃபங்ஷன் என்ற கால்பேக்கைப் பதிவு செய்யுங்கள். லிப்கர்ல் டிஎன்எஸ் தேடி முடித்து, இணையப்போகும் உண்மையான ஐபியையே அதற்குக் கொடுக்கும். பிடிக்காவிட்டால் கர்ல்_சாக்கெட்_பேட் திருப்பினால் போதும். அந்த ஐபியோடு இணைப்பு ஏற்படாது. எல்லா ஐபியும் மறுக்கப்பட்டால் பிழை எண் 7 வரும். மறுக்க வேண்டியவை: 0.0.0.0/8, 10.0.0.0/8, 100.64.0.0/10, 127.0.0.0/8, 169.254.0.0/16, 172.16.0.0/12, 192.168.0.0/16. ஐபிவி6-இல் ::1, ::, எஃப்சி00::/7, எஃப்இ80::/10. அதோடு ::எஃப்எஃப்எஃப்எஃப்: என்று தொடங்கி உள்ளே ஐபிவி4-ஐ ஒளித்துவைப்பவை. ஐபிவி4-ஐ மட்டும் பார்க்கும் கால்பேக் பாதிக் கதவுதான். உங்களுக்கு ஐபிவி6 தேவையே இல்லையென்றால் ஐபிரிசால்வ் அமைப்பில் வி4 மட்டும் என்று போட்டு வேலையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கால்பேக்குக்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு. சூழல் மாறிகளில் எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி (இடையில் நின்று அழைப்பைக் கடத்தும் சர்வரின் முகவரி) இருந்தால் லிப்கர்ல் சொல்லாமலே அதைப் பயன்படுத்தும். கால்பேக் பார்ப்பது ப்ராக்ஸியின் ஐபியை மட்டும், அதற்குப் பின்னால் எங்கே போகிறது என்பது தெரியாது. கர்ல்ஆப்ட்_ப்ராக்ஸியை வெற்றுச் சரமாக வைத்தால் சூழல் மாறியைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மறுபடி பயன்படுத்தும்போது கால்பேக் அழைக்கப்படாது. இரண்டு வாடிக்கையாளருக்கு இரண்டு விதி என்றால் ஹேண்டிலைப் பொதுவில் வைக்காதீர்கள்.

169.254.169.254-க்கே இவ்வளவு பயம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறோம். கிளவுட் சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் கேட்டுக்கொள்ளும் மெட்டாடேட்டா சேவை அங்கே இருக்கிறது. அது தரும் தற்காலிகச் சாவிகளால் அந்த சர்வருக்கு உள்ள உரிமையெல்லாம் கேட்டவர் கைக்கு வந்துவிடும். 2019 நவம்பரில் அமேசான் கொண்டுவந்த இரண்டாம் பதிப்பில் முதலில் புட் அழைப்பால் டோக்கன் வாங்கி, அதை ஹெட்டரில் வைத்தால்தான் பதில் வரும். வெறும் கெட் மட்டும் அனுப்பத் தெரிந்த ஓட்டைகளுக்கு அது நல்ல தடை. உங்கள் ஃபங்ஷனோ மெத்தட், ஹெட்டர் இரண்டையும் ஸ்கிரிப்ட் கையில் கொடுக்கிறது. ஆகவே 'நாங்கள் இரண்டாம் பதிப்புக்கு மாறிவிட்டோம்' என்பது இங்கே செல்லாது. முடிந்தால் ஸ்கிரிப்ட் ஓடும் புராசஸைத் தனி லினக்ஸ் பயனரில் ஓட்டி, அந்தப் பயனரிடமிருந்து அந்த ஐபிக்குப் போகும் பாக்கெட்டை ஐபிடேபிள்ஸின் ஓனர் விதியால் கர்னலிலேயே தள்ளிவிடுங்கள். கால்பேக்கில் பிழை இருந்தாலும் அது நிற்கும்.

கேள்வி: குயிக்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினைச் சேர்த்து ஃபெட்ச் என்று எழுதினால் 'ஃபெட்ச் இஸ் நாட் டிஃபைன்ட்' என்கிறது. பிரவுசரில் ஓடுகிறதே? ஃபெட்ச் வந்தால் கார்ஸ் கட்டுப்பாடும் தானாக வந்துவிடுமா?
— சிவாஜி நகர், கல்லூரி மாணவர்

பதில்: சர்வரிடம் தரவு கேட்கும் ஃபெட்ச் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பகுதி இல்லை. கன்சோல், செட்டைம்அவுட் மாதிரி அதுவும் பிரவுசர் கொடுப்பது. குயிக்ஜேஎஸ்ஸில் நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்: ஜேஎஸ்_நியூப்ராமிஸ்கேபபிலிட்டி கொண்டு ஒரு ப்ராமிஸ் (பின்னால் வரப்போகும் பதிலுக்கான பொருள்) உண்டாக்கித் திருப்புங்கள், பதில் வந்ததும் அதைத் தீருங்கள், பிறகு ஜேஎஸ்_எக்ஸிகியூட்பெண்டிங்ஜாப்-ஐ மிச்சம் இல்லாத வரை சுற்றில் ஓட்டுங்கள். இந்தக் கடைசிப் படியை மறந்தால் பிழை எதுவும் வராது. அவெயிட்டுக்கு அடுத்த வரி ஓடவே ஓடாது.

கார்ஸ் (ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் வேறு தளத்தின் பதிலைப் படிப்பது பற்றிய கட்டுப்பாடு) வராது. அது பிரவுசர், பயனரின் குக்கியைக் காப்பதற்காகத் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. உங்கள் எஞ்சினில் அதற்கு வேலை இல்லை.

இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களைப் பார்த்து எஸ்டிடி, ஓஎஸ் மாட்யூல்களை அப்படியே இணைத்துவிடாதீர்கள். எஸ்டிடி-க்குள் யுஆர்எல்கெட் என்று ஒன்று உண்டு. அது ஷெல்லில் கர்ல் கட்டளையை ஓட்டித்தான் பதில் வாங்குகிறது. உங்கள் சோதனை ஒன்றும் அதன் கண்ணில் படாது.

கேள்வி: ஸ்கிரிப்ட் 2 நொடிக்கு மேல் ஓடினால் நிறுத்தும்படி லுவா ஹூக் (ஓட்டத்தின் இடையிடையே லுவா அழைக்கும் ஃபங்ஷன்) வைத்திருக்கிறேன். இருந்தும் ஒரு எச்டிடிபி அழைப்பு 5 நிமிடம் தொங்கியது. ஹூக் ஏன் அடிக்கவில்லை?
— மாரத்தஹள்ளி வாசகர்

பதில்: அந்த 5 நிமிடத்திலேயே விடை இருக்கிறது. லிப்கர்லின் கனெக்ட்டைம்அவுட் இயல்பு மதிப்பு 300 நொடி. மொத்த டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 0, அதாவது எல்லையே இல்லை. கவுன்ட் ஹூக் லுவா கட்டளைகளை எண்ணுகிறது. சி ஃபங்ஷனுக்குள் ஓட்டம் இருக்கும்வரை எண்ண எதுவும் இல்லை, அதனால் அடிக்காது. கனெக்ட்டைம்அவுட் 3 நொடி, மொத்தம் 10 நொடி என்று தொடங்குங்கள். ஆனால் ஸ்கிரிப்ட்டுக்கு மீதமிருக்கும் நேரம் அதைவிடக் குறைவென்றால் மீதத்தையே டைம்அவுட்டாகக் கொடுங்கள். பல திரெட் உள்ள நிரலில் நோசிக்னல் 1 ஆக இருக்க வேண்டும். அப்போது டிஎன்எஸ் தேடலுக்கும் டைம்அவுட் பொருந்த, உங்கள் லிப்கர்ல் அசிங்க்டிஎன்எஸ் வசதியோடு கட்டப்பட்டதா என்று பாருங்கள். கர்ல் கட்டளைக்குப் பெரிய வி கொடுத்தால் வரும் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும்.

ஹூக்கிலும் ஒரு ஓட்டை. ஸ்கிரிப்ட் முடிவில்லாச் சுற்றுக்குள் பிகாலை (பிழையைப் பிடித்துக்கொள்ளும் லுவா ஃபங்ஷனை) வைத்தால் ஹூக் எழுப்பும் பிழையை அது விழுங்கிவிட்டு மறுபடி சுற்றும். கெடு தாண்டியதும் எண்ணிக்கையை 1 ஆக்கி, ஒவ்வொரு கட்டளைக்கும் பிழை எழுப்புங்கள். அப்போது பிகாலுக்கு வெளியே உள்ள வரியிலும் பிழை விழுந்து ஸ்கிரிப்ட் நிற்கும். லுவாஜிட் (ஓடும்போதே ஸ்கிரிப்ட்டை இயந்திரக் குறியீடாக்கும் லுவா) என்றால் இதுவும் உதவாது, ஜிட் செய்த குறியீட்டில் ஹூக் அழைக்கப்படுவதில்லை. ஜிட்டை அணையுங்கள், அல்லது தனி புராசஸில் ஓட்டி வெளியிலிருந்து கொல்லுங்கள்.

நேரத்தோடு அளவையும் கட்டுங்கள். ரைட் கால்பேக்கில் வந்த பைட்டுகளைக் கூட்டி, 1 எம்பி தாண்டினால் குறைந்த எண்ணைத் திருப்புங்கள். லிப்கர்ல் பிழை 23-உடன் நிறுத்தும். ஜிசிப் முறையில் சுருக்கிய பதிலை லிப்கர்லே விரிக்கும்படி அமைத்திருந்தால் கால்பேக்குக்கு வருவது விரித்த பைட்டுகள்தான். ஆகவே சில கேபி அளவில் வந்து நூறு எம்பி ஆகும் பதிலையும் இந்தக் கணக்கு பிடிக்கும். கன்டென்ட்-லெங்த் ஹெட்டரை நம்பினால் பிடிக்காது. ஒரு ஓட்டத்துக்கு எத்தனை அழைப்பு என்ற எண்ணிக்கையும் வேண்டும். 10 நொடி அழைப்பு நூறு முறை என்றால் அதுவும் தொங்கல்தான்.

கேள்வி: ஓபன்ரெஸ்டியில் (லுவா பொதித்த என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்) லாக் கட்டத்தில் ரெஸ்டி-எச்டிடிபி லைப்ரரியை அழைத்தால் 'ஏபிஐ டிசேபிள்ட்' என்கிறது. ஆக்ஸஸ் கட்டத்தில் அழைத்தால் 'நோ ரிசால்வர் டிஃபைன்ட்' என்கிறது.
— ஒயிட்ஃபீல்ட் வாசகி

பதில்: லாக் கட்டத்தில் கோசாக்கெட் (ரெஸ்டி-எச்டிடிபி பயன்படுத்தும் ஓபன்ரெஸ்டி சாக்கெட்) வேலை செய்யாது. என்ஜிஎக்ஸ்.டைமர்.அட் என்பதற்கு 0 கொடுத்து, அழைப்பை டைமருக்குள் செய்யுங்கள். அனுப்ப வேண்டியதை முன்பே மாறிகளில் எடுத்துவையுங்கள், டைமருக்குள் பழைய கோரிக்கை இருக்காது. இரண்டாவதுக்கு என்ஜின்எக்ஸ் அமைப்பில் ரிசால்வர் (பெயரைத் தேட எந்த டிஎன்எஸ் சர்வர் என்று சொல்லும்) வரியைச் சேர்க்க வேண்டும். ஈடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய பெயர்களை அந்த ரிசால்வர் படிக்காது. அதற்குப் பின் சான்றிதழ் பிழை 20 வந்தால் சரிபார்ப்பை அணைக்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறையக் கிடைக்கும், கேட்காதீர்கள். லுவா_எஸ்எஸ்எல்_டிரஸ்டட்_சர்ட்டிஃபிகேட்டில் சிஏ கோப்பைக் காட்டி, வெரிஃபை_டெப்தை இயல்பான 1-இலிருந்து 3 ஆக்கினால் சரியாகும். லுவாசாக்கெட்டை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அது பிளாக் ஆகும்போது அந்த வொர்க்கரில் இருக்கும் மற்ற எல்லாக் கோரிக்கைகளும் காத்துக்கிடக்கும்.

கேள்வி: ஜாவா பில்லிங் மென்பொருளில் ரைனோ என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினை ஓட்டுகிறோம். ஸ்கிரிப்ட் நேராக ஜாவா.நெட்.யுஆர்எல்-ஐ உருவாக்கிவிடுகிறது. செக்யூரிட்டி மேனேஜர் போடலாமா?
— ஜெயநகர் வாசகர்

பதில்: போடாதீர்கள். ஜேடிகே 17-இலேயே அதை விலக்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள், 24-இல் நிரந்தரமாக அணைத்தும்விட்டார்கள். ரைனோவில் இனிட்சேஃப்ஸ்டாண்டர்ட்ஆப்ஜெக்ட்ஸ் கொண்டு ஸ்கோப்பை உருவாக்கினால் ஜாவா வகுப்புகளுக்கான வாசல் வராது. ஆனால் நீங்கள் உள்ளே கொடுத்த ஏதாவது ஜாவா பொருளின் கெட்கிளாஸ் வழியாக மறுபடி நுழையலாம், ஆகவே கிளாஸ்ஷட்டரும் சேர்த்து வையுங்கள். அனுமதித்த வகுப்புப் பெயருக்கு மட்டும் ஆம். புதிதாகத் தொடங்குபவர் என்றால் கிரால்ஜேஎஸ் நல்லது: ஹோஸ்ட்ஆக்ஸஸ்.எக்ஸ்பிளிசிட் என்று வைத்தால் எக்ஸ்போர்ட் குறியிட்ட மெத்தட்கள் தவிர மற்றவை ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது.

கேள்வி: வெளி சேவையின் ஏபிஐ சாவியை ஸ்கிரிப்ட்டில் எழுதவிடுவதா, நாங்கள் சேர்ப்பதா? ஹெட்டர்களில் வேறு என்ன பார்க்க வேண்டும்?
— ராமமூர்த்தி நகர் வாசகி

பதில்: நீங்கள் சேர்ப்பதுதான் சரி. ஸ்கிரிப்ட் சாவியின் பெயரை மட்டும் சொல்லட்டும். சர்வர் பெயர் அந்தச் சாவிக்கு உரியதா என்று பார்த்த பிறகு தாய் நிரல் ஹெட்டரில் மதிப்பை வைக்கட்டும். லிப்கர்லிடம் ரீடைரக்ட்டை விட்டிருந்தால் ஒரு கசிவு உண்டு. ஆத்தரைசேஷன் ஹெட்டரை வேறு சர்வருக்கு அது கொண்டுபோகாது (7.58.0 முதல்). எக்ஸ்-ஏபிஐ-கீ மாதிரி நீங்களே பெயர் வைத்த ஹெட்டரை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடும்.

ஸ்கிரிப்ட் தரும் ஹெட்டர் பெயரிலோ மதிப்பிலோ 13, 10, 0 ஆகிய பைட்டுகள் இருந்தால் மறுத்துவிடுங்கள். லிப்கர்ல் உங்களுக்காக அதைச் சோதிக்காது, வரி முறிந்தால் ஒரு ஹெட்டருக்குள் இன்னொன்றைத் திணிக்க முடியும். ஹோஸ்ட், கன்டென்ட்-லெங்த், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங், கனெக்‌ஷன், மற்றும் 'ப்ராக்ஸி-' என்று தொடங்கும் எதையும் ஸ்கிரிப்ட் வைக்கக் கூடாது. ஹோஸ்ட் ஹெட்டரை விட்டுவிட்டால், அனுமதித்த சர்வரின் ஐபியோடு இணைந்துகொண்டு அதே சிடிஎன்னில் (பல தளங்களைச் சுமக்கும் சர்வர் வலையில்) இருக்கும் வேறொரு தளத்தைக் கேட்கலாம்.

பதிவேட்டில் ஸ்கிரிப்ட்டின் பெயர், மெத்தட், சர்வர் பெயர், இணைந்த ஐபி, பதில் எண், பைட், மில்லிநொடி இவ்வளவும் போதும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை வெட்டிவிட்டு எழுதுங்கள். சாவியை அங்கே ஒட்டிவைக்கும் சேவைகள் இன்னும் இருக்கின்றன.